பள்ளிக் குழுவில் நீங்கள் உறுப்பினரா? வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது



பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் என்று நம் மலையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அங்குள்ள பள்ளிக்கூடத்தின் குழுவில் பெரும்பாலும் ஒரு கடைக்காரர் இருப்பார். பெற்றோர் என்ற முறையில் சிலர் இருக்கிறார்கள். பள்ளியை நடத்தும் சங்கத்தின் பொருளாளராகச் சிலர் இருக்கிறார்கள். குடும்ப அறக்கட்டளையின் அறங்காவலராகவும் சிலர் இருக்கிறார்கள். "கணக்குத் தெரிந்தவர், ஊருக்கு அறிமுகமானவர், அவசரத்துக்குக் கைப்பணம் போட்டு உதவக்கூடியவர்" என்று சொல்லி நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது நமக்குப் பெருமைதான்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. கூட்டம் என்று தகவல் வரும் நாளில் வத்தலக்குண்டிலிருந்து லோடு வந்து நிற்கும். ஞாயிறு சந்தைக்குச் சரக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். ஏப்ரல், மே சீசனில் கடையை விட்டு அரை மணி நேரம்கூட நகர முடியாது. "நீங்களே பார்த்துச் செய்யுங்கள் சார், நான் அப்புறம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்று தலைமை ஆசிரியரிடமோ செயலாளரிடமோ சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இப்படிச் சொல்வது எந்த அளவுக்குச் சரி? எதைப் பிறரிடம் விடலாம், எதை விடக் கூடாது? நாளைக்கு ஒரு கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் குழுவும் ஒன்றல்ல.

முதலாவது, அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி அமைவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசும் பிறரும் தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது ஆகியவை இதன் கடமைகள். தமிழகத்தில் 2022-ஆம் ஆண்டு இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டன. உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

இரண்டாவது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கம் நடத்தும் பள்ளி. இங்கே பொறுப்பு சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. எந்த அதிகாரம் யாருக்கு என்பதைச் சங்கத்தின் பைலா சொல்லும்.

மூன்றாவது, அறக்கட்டளை நடத்தும் பள்ளி. இங்கே பொறுப்பு அறங்காவலர்களுக்கு. அதிகாரத்தை அறக்கட்டளைப் பத்திரம் சொல்லும்.

ஆகவே பைலாவையோ பத்திரத்தையோ ஒரு முறையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள். கடை வாடகை ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கும் நாம், பள்ளியின் பைலாவைப் பெரும்பாலும் பார்த்ததே இல்லை.

ஒப்படைப்பது புதிதல்ல

குழுவினர் எல்லா வேலையையும் தாமே செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது நடக்கக்கூடிய காரியமும் அல்ல. கொடைக்கானலில் 1901-ஆம் ஆண்டு ஹைக்ளெர்க் என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அந்தப் பள்ளியின் பெற்றோர் பலர் சமவெளியில் தொலைதூர ஊர்களில் பணியில் இருந்தவர்கள். மலைப்பாதையில் பேருந்து ஓடாத காலம் அது. அன்றாட நிர்வாகத்தை மலைமேல் இருப்பவரிடம் விடாமல் அப்படிப்பட்ட பள்ளியை நடத்த முடியுமா?

நம் வணிகர்களிடமே இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. விருதுநகர் நாடார் உறவின்முறையினர் வியாபாரத்தில் மகமை பிடித்தும், வீடுதோறும் பிடி அரிசி வாங்கியும் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை வளர்த்தார்கள். காமராசர் சிறுவயதில் படித்த பள்ளி அது. பாடம் நடத்தியவர்கள் ஆசிரியர்கள். ஆனால் காசு கொடுத்த கடைக்காரர்களுக்கு அது 'நம் பள்ளிக்கூடம்'. கணக்குக் கேட்கும் உரிமையும் கேட்க வேண்டிய கடமையும் சேர்ந்தே இருந்தால்தான் இப்படிப்பட்ட பொதுக் காரியம் நிலைக்கும்.

சட்டம் போடும் கோடு

அறங்காவலர் கடமை பற்றி 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. இது தனியார் அறக்கட்டளைகளுக்கான சட்டம் என்றாலும், இதிலுள்ள பொதுவான நெறிகளைப் பொது அறக்கட்டளைகளுக்கும் நீதிமன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. நாம் அறிய வேண்டியவை நான்கு.

ஒன்று: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்துடன் அறக்கட்டளைச் சொத்தைப் பார்க்க வேண்டும். அதாவது உங்கள் கடையைப் பார்ப்பது போலப் பள்ளியைப் பார்க்க வேண்டும். அதைவிடக் கூடுதலாகச் சட்டம் கேட்கவில்லை. அதற்குக் குறைவாக இருந்தால் ஏற்காது.

இரண்டு: அறங்காவலர் தம் பதவியையோ கடமையையோ பிறரிடம் ஒப்படைக்கக் கூடாது. பத்திரம் அனுமதித்தால், அது வழக்கமான அலுவல் முறையாக இருந்தால், அல்லது தவிர்க்க முடியாத தேவை இருந்தால் ஒப்படைக்கலாம். பயன் பெறுவோர் ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ளவர்களாக இருந்து சம்மதித்தாலும் ஒப்படைக்கலாம். நம் விஷயத்தில் பயன் பெறுவோர் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் சிறுவர்களாதலால் இந்தக் கடைசி வழி நமக்கு உதவாது.

மூன்று: சொந்தமாக முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லாத வேலையை மற்றவரைக் கொண்டு செய்விப்பது 'ஒப்படைப்பு' ஆகாது. வங்கியில் பணம் கட்டுவது, கடிதம் கொண்டு போய்க் கொடுப்பது, பதிவேடு எழுதுவது போன்றவை இதில் அடங்கும். எந்த ஒப்பந்தக்காரருக்குக் கட்டட வேலை தருவது, எந்த ஆசிரியரை நியமிப்பது, நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்பவை முடிவுகள். இவற்றைக் குழுதான் எடுக்க வேண்டும்.

நான்கு: அறங்காவலர் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். ஒருவர் தனியாக முடிவெடுத்துவிட்டு மற்றவர்களிடம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது கூட்டு முடிவு ஆகாது.

மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஷேக் அப்துல் கயூம் – முல்லா அலிபாய் வழக்கில் 1962-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதே நெறியை உறுதிசெய்தது. பத்திரம் தெளிவாக அனுமதித்தாலோ பயனாளிகள் அனைவரும் ஒத்துக்கொண்டாலோ தவிர, அறங்காவலர்கள் தங்கள் கடமையையும் அதிகாரத்தையும் இன்னொரு குழுவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. பொது நிர்வாகம், ஆசிரியர் நியமனம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைப் பள்ளிக் குழு கவனிக்கும். பள்ளியின் சொத்தும் நிதியும் அதன் கையில் இல்லை. ஆனால் பள்ளிக் குழு தன் எல்லைக்குள் எடுத்த முடிவு, பள்ளியை நடத்தும் நிறுவனமே எடுத்த முடிவாகக் கருதப்படும். "அது குழு செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்று நிறுவனத்தார் கைகழுவ முடியாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2018-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் பள்ளிக்கு இப்போது பொருந்தும் விதிகளை மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ உங்கள் வழக்கறிஞரிடமோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பள்ளி ஆளுமைக் குழு தன் பணிகளில் பலவற்றை உட்குழுவுக்கோ, ஓர் உறுப்பினருக்கோ, தலைமை ஆசிரியருக்கோ ஒப்படைக்கலாம் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் ஒப்படைத்ததை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெற்றுக்கொண்டவர் தாம் செய்ததைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை

நம்மவர் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடைக்காரர் பள்ளிச் சங்கத்தின் பொருளாளர். கணக்கு, செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு. சீசனில் தம்மைத் தேடி யாரும் வர வேண்டாம் என்று பத்துக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கிறார்: "இந்த மேசை நாற்காலிக்குக் கொட்டேஷன் எங்கே? தீர்மானம் எங்கே? பில்லில் நாற்பது என்று இருக்கிறது, வகுப்பில் முப்பத்திரண்டுதானே இருக்கிறது?" பொருளாளருக்குப் பதில் தெரியாது. ஒரு ரூபாய்கூட அவர் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காசோலையிலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதி வைத்ததே ஒருவரை மற்றவர் சரிபார்ப்பதற்காகத்தான். முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்தால் இரண்டு பூட்டுப் பெட்டியின் இரண்டு சாவியையும் ஒருவரிடமே கொடுத்தது போலாகும்.

இங்கே அறக்கட்டளைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். உடன் அறங்காவலர் செய்த தவறுக்கு நீங்கள் பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் பொறுப்பு உங்கள்மேலும் வரும். பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அது சரியாகச் செலவாகிறதா என்று பார்க்காமல் இருந்தால் வரும். அவர் பணத்தை வாங்கவிட்டு விசாரிக்காமல் இருந்தாலோ, தேவைக்கு மேல் அவரிடமே வைத்திருக்கவிட்டாலோ வரும். தவறு தெரிந்தும் மறைத்தாலோ, உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்காவிட்டாலோ வரும். மூன்றுமே நாம் செய்த குற்றங்கள் அல்ல. நாம் செய்யாமல் விட்ட வேலைகள்.

வெற்றுக் காசோலையின் ஆபத்தை வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாமாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தும் என்று 2019-ஆம் ஆண்டு பீர் சிங் – முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடையில் செய்யத் துணியாததைப் பள்ளியில் ஏன் செய்ய வேண்டும்?

பணத்தைவிடப் பெரியது

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். சத்துணவுச் சமையலறையில் தொடங்கிய தீ, கூரைக்குப் பரவியது. 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களில் பள்ளி நிறுவனர், தாளாளராக இருந்த அவர் மனைவி, தலைமை ஆசிரியை ஆகியோரும் இருந்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையை அவர் சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. வேறு சிலரை விடுவித்தது. தண்டனை கூடலாம், குறையலாம். அந்தப் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை.

நம் மலையில் இதற்குத் தனி அழுத்தம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவு, தடுப்புச் சுவர் இடிதல், மரம் சாய்தல் எல்லாம் நாம் பார்ப்பவை. கூரையையும் சுவரையும் மின்கம்பியையும் பார்த்துவரும் வேலையை ஒருவரிடம் கொடுக்கலாம். ஆனால் அவர் பார்த்தாரா, என்ன சொன்னார், சொன்னதன்மேல் என்ன செய்தோம் என்ற மூன்றும் குழுவின் கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும்.

யாரிடமும் விட முடியாத இன்னொரு கடமையும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாக அறியும் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். "தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்" என்பது போதாது. தமக்குக் கீழுள்ள ஊழியர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று 'ஊர்ப்பெரியவர்கள் பேசி முடிப்பது' சட்ட விரோதம்.

உங்கள் கடையிலிருந்தே சரக்கா?

இதையும் வெளிப்படையாகப் பேசுவோம். பள்ளி விடுதிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வேண்டும். குழுவில் இருக்கும் மளிகைக்காரர் கடையிலிருந்தே வாங்குகிறார்கள். விலையும் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் வாங்குபவர் இடத்திலும் விற்பவர் இடத்திலும் ஒருவரே உட்காரக் கூடாது. அறக்கட்டளைச் சொத்தைத் தம் இலாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அறங்காவலர் மீதுள்ள அடிப்படைத் தடை.

விற்காமல் இருப்பதே உத்தமம். மலைமேல் வேறு கடை இல்லாத ஊரில் விற்றே ஆக வேண்டுமென்றால், முதலில் பைலா அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். பிறகு "இது என் கடை" என்று கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த முடிவில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம். வத்தலக்குண்டு விலையை ஒப்பிட்டுக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பில்லுக்கான காசோலையில் நீங்கள் கையெழுத்திடவும் வேண்டாம்.

முறையாக ஒப்படைப்பது எப்படி?

கடையை ஒரு நாள் மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ விட்டுச் செல்கிறோம். என்ன சொல்லிவிட்டுப் போகிறோம்? இன்னாருக்குக் கடன் கொடுக்காதே, இந்த விலைக்குக் கீழே விற்காதே, பெரிய பார்ட்டி வந்தால் போன் செய். இரவு வந்ததும் சிட்டையைப் பார்த்துக் கல்லாவை எண்ணுகிறோம். மகன்மேல் சந்தேகம் இருப்பதனால் எண்ணுவதில்லை. எண்ணுவது வழக்கம். பள்ளிக்கும் இதே முறைதான்:

1. தீர்மானம் வேண்டும். வாய்மொழியாக ஒப்படைக்காதீர்கள். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

2. பைலா அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பொதுக்குழுவுக்கு மட்டுமே உரிய அதிகாரத்தை நிர்வாகக் குழு மற்றவருக்குக் கொடுக்க முடியாது.

3. யாருக்கு, எந்த வேலை, எவ்வளவு தொகை வரை, எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்கட்டும். "பள்ளிப் பராமரிப்பைச் செயலாளர் கவனித்துக்கொள்வார்" என்பது மொட்டையான தீர்மானம். தொகையும் காலமும் குறித்து, "அடுத்த கூட்டத்தில் பில்லுடன் கணக்கு வைக்க வேண்டும்" என்று முடிப்பதே சரியான தீர்மானம்.

4. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அந்தக் கணக்கை எடுங்கள். பார்த்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

5. ஆண்டுக்கொரு முறை எல்லா ஒப்படைப்புகளையும் பட்டியல் போட்டுப் பாருங்கள். பொறுப்பாளர் மாறியிருந்தால் வங்கியில் பழைய கையெழுத்தை நீக்கச் சொல்லுங்கள். சங்கமாக இருந்தால் பதிவாளர் அலுவலகத்துக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள்.

6. உங்களுக்கு உடன்பாடில்லாத முடிவானால் மௌனமாக இருக்காதீர்கள். மறுப்பைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் உங்களைக் காக்கும் சாட்சி அந்த ஒரு வரிதான்.

மலையூர்களில் கூட்டம் சேர்வதே கஷ்டம் என்பது உண்மைதான். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். மழை நாளில் போய் வர ஒரு பொழுது ஆகும். அதனால் கூட்டத் தேதிகளை ஆண்டு தொடக்கத்திலேயே சந்தை நாளையும் சீசனையும் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரிய செலவுக்கான முடிவுகளை மார்ச் மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவசரத்தில் கையெழுத்துக் கேட்டு யாரும் கடைக்கு ஓடிவர வேண்டியிருக்காது. இவ்வளவுக்குப் பிறகும் நேரமே இல்லை என்றால், மரியாதையாக எழுத்து மூலம் விலகிக்கொண்டு நேரம் உள்ள ஒருவருக்கு இடம் விடுவதே நேர்மை. பெயரை மட்டும் பலகையில் வைத்துக்கொண்டு இருப்பது பள்ளிக்கும் உதவாது, நமக்கும் பாதுகாப்பில்லை.

தலைமை ஆசிரியரையும் செயலாளரையும் சந்தேகப்படச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தலைமை ஆசிரியர் கணக்குக் கேட்கும் குழுவைத்தான் விரும்புவார். தனியாக முடிவெடுத்து, தனியாகப் பழி சுமப்பவர் அவர்தானே. நாம் கேட்டு, பார்த்து, கையெழுத்திட்டால் அவர் பாரமும் பாதியாகும்.

கடையில் ஒரு மூட்டை குறைந்தால் நட்டம் நம்மோடு போகும். பள்ளியில் நாம் பார்க்காமல் விட்டது எதுவானாலும் அதன் நட்டம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்திடுமுன் ஒரு முறை படியுங்கள்.